ஏழு கேள்விகளுக்கு வெளியே

மார்ச் 12, 2043, வியாழன்

இன்றைய பிழை: கம்ப்ரசர் டாங்கின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரை வடிக்காமல் காற்று ஏற்றத் தொடங்கினேன். பெரிய ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பகலில் கம்பெனி வேலையை முடித்துவிட்டுப் போகும் மாலை வகுப்பில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்த விஷயம் இது. மூன்று வருடம் படித்தும் மறந்திருக்கிறேன்.

ரோபோ போட்டிக்கான ஏற்பாட்டு நாள் இன்று. கோவையின் பெரிய கண்காட்சி அரங்கத்தை அறுபத்து நான்கு தடுப்பறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிட் என்கிறார்கள். பத்துக்குப் பத்தடி, ஒரு மேசை, ஒரு கம்ப்ரசர், ஒரு ரோபோ, ஒரு ஆள். எங்களுடையது முப்பத்திரண்டு. எங்கள் ரோபோவின் கை காற்றில் இயங்குகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அதன் சிறிய சிலிண்டர்களில் எட்டு பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்ப வேண்டும்.

"எங்கள்" என்று எழுதிவிட்டேன். இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன்.

நான் வகுப்பில் சேர்ந்தபோது ஒரு பிட்டில் ஐந்து பேர் நிற்பார்களாம். தனியாக யாரும் காற்றைத் திறக்கக் கூடாது என்பது விதி. இரண்டாவது ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று ஏழு கேள்விகள் கேட்க வேண்டும். கண்ணாடி போட்டாச்சா என்பது முதல் கேள்வி. ஹோஸ் என்னும் காற்றுக்குழாய், அதைப் பூட்டும் கப்ளர், சேஃப்டி வால்வு, அழுத்தமானி என்று போய், பக்கத்தில் யாரும் இல்லையே என்று ஏழாவதில் முடியும். எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகு அவர் "சரி" என்பார். அதற்கப்புறம்தான் வால்வில் கை வைக்கலாம். பிறகு "துணை" என்ற கருவி வந்தது. கம்ப்ரசரின் மேல் ஒட்டும், சோற்று டப்பா அளவுள்ள பெட்டி. அதற்குள் கேமரா, ஒலிபெருக்கி, வால்வுக்கு ஒரு பூட்டு. அதுவே பார்க்கும், கேட்கும், "சரி" சொல்லும், பூட்டைத் திறக்கும். இரண்டாவது ஆள் வேண்டாம் என்று ஆனதும் அடுத்த வருடமே அணிக்கு ஒரு அனுமதிச் சீட்டு என்று குறைத்துவிட்டார்கள்.

பழகிய குரல் சொன்னால்தான் ஆட்கள் கேட்கிறார்களாம். அதனால் அணியில் ஒருவர் தன் குரலைத் தர வேண்டும். எங்களுக்கு ஹசீனா தந்தாள். மூன்று மாலைகள் உட்கார்ந்து நானூறு வாக்கியங்கள் படித்தாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். முடிந்த மறுநாள் வகுப்பு சார், இரண்டு பேரில் யார் போகிறீர்கள் என்று கேட்டார். ரோபோவின் கையை வடிவமைத்தவள் ஹசீனா. அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீயே போ புள்ள. எங்குரல்தான் கூட வருதே" என்றாள். ஜனவரியோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் குரல்தான் இன்று ஆறு கேள்விகளைக் கேட்டுவிட்டு, ஏழாவதுக்கு முன் கொஞ்சம் தயங்கி, "தண்ணி வடிச்சியா தாயி?" என்றது.

இது பட்டியலில் இல்லாத கேள்வி. ஹசீனா யாரையும் தாயி என்று கூப்பிட்டதும் இல்லை. நான் குனிந்து அடியிலிருக்கும் சின்ன வால்வைத் திறந்தேன். துருநிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் வந்தது. பிறகு அது ஏழாவது கேள்வியைக் கேட்டது, "சரி" என்றது. பூட்டு திறந்ததும், "பையத் தெற" என்றது.

எதிர் பிட், முப்பத்தொன்று, ஆல்வினுடையது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் படிக்கிறான். பகலில் மாமாவின் டயர் கடையில் வேலை. காற்றுக்குழாயை மற்றவர்கள் துடைப்பத்தைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறான். பேன்ட்டில் ஒட்டிய தூசியைக் காற்றடித்துத் தட்டிக்கொண்டிருந்தான். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டான்.

"பயப்படாதீங்கக்கா. நான் தலை சீவுறதே இதுலதான்" என்றான். அவன் பெட்டிக்கு அவனுடைய மாமாவின் குரல். "கடையிலதான் நச்சுறாருன்னு இங்க வந்தா, இங்கயும் பொட்டிக்குள்ள உக்காந்திருக்காரு மனுஷன்."

அரங்கம் முழுக்க அறுபத்து நான்கு பேர், அவரவர் பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறோம். நாள் முழுவதும் ஆல்வினைத் தவிர யாரும் என்னோடு பேசவில்லை. நானும் யாரோடும் பேசவில்லை.

நாளை: காற்று ஏற்றுமுன் தண்ணீர் வடிப்பது. பட்டியலின் மேல் கையால் எழுதி ஒட்டுவது.

மார்ச் 13, வெள்ளி

இன்றைய பிழை: ஏழாவது கேள்விக்கு வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை.

தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம், இரண்டிலும் வெற்றி. கையை உயர்த்திக் காட்டினேன். பார்க்க யாருமில்லாததால் இறக்கிக்கொண்டேன்.

மதியம் காற்று நிரப்பும்போது பெட்டி தும்மியது. ஹசீனாவின் குரலில்தான், ஆனால் ஹசீனாவின் தும்மல் அல்ல. அவள் பூனைபோல் தும்முவாள். இது உடம்பே குலுங்கும் தும்மல். நானூறு வாக்கியங்களில் தும்மல் இருக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

நான் மெதுவாக, நீங்கள் யார் என்று கேட்டேன். பெட்டி ஏழாவது கேள்வியைக் கேட்டது. "பக்கத்துல யாரும் இல்லையே?" நான் பதில் சொல்லவில்லை. பதில் வராமல் இணைப்பு துண்டிக்கப்படாது என்று அப்போதுதான் தெரிந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "பதில் சொல்லு தாயி. இல்லன்னா என் பக்கத்துல செவப்பு எரியும்" என்றது.

அவர் ஒரு பெண். கோவில்பட்டிப் பக்கம் எங்கோ ஒரு வாடகை அறையில் உட்கார்ந்திருக்கிறார். முன்பு பட்டறையில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவர். டாங்கில் தண்ணீர் நின்றால் பெயிண்ட் புள்ளி புள்ளியாக வருமாம், அதனால்தான் நேற்றுக் கேட்டாராம். இயந்திரமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். ஆனால் மனிதர்கள் பாதி பதிலை வாயாலும் மீதியைத் தலையாட்டியும் சொல்கிறார்கள், இயந்திரத்துக்கு அது பிடிபடவில்லை. எனவே பெட்டிக்குப் பின்னால் ஆட்களை வைத்து, அவர்களது குரலை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். இது வெளியே தெரியக் கூடாது. பெயரையும் சொல்லக் கூடாது.

எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பன்னெண்டு பிட்டு. ஒண்ணுல பொம்பளக் கொரலு, ஒண்ணுல ஆம்பளக் கொரலு. எங்கொரல நான் கேட்டு நாளாச்சு."

கேமரா தாழ்வாக இருப்பதால் அவருக்குத் தெரிவது கைகள்தானாம். கண்ணாடியைக் காட்டக் குனியும்போது மட்டும் முகம். என் வலது கட்டைவிரலில் உள்ள தழும்பைக் கேட்டார். அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. அரங்கத்தில் என்ன வாசனை வருகிறது என்றும் கேட்டார். எண்ணெய், புது ரப்பர், யாரோ பிரித்த எலுமிச்சை சாதம் என்றேன். சிரித்தார். ஹசீனாவின் சிரிப்பாகத்தான் வந்தது.

நான்கு நிமிடம். பிறகு ஏழாவதுக்குப் பதில் சொன்னேன்.

இதைப் பாதுகாப்பு அதிகாரி மேடத்திடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொன்னால் அவருடைய வேலை போகும். சொல்லாமல் இருப்பதற்கு அது நல்ல காரணமாக இருந்தது. நாளையும் பேசலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். இதையும் எழுதிவிடுகிறேன்.

நாளை: காலிறுதி, மாலை நான்கு மணி. ஹோஸ் முனையின் ரப்பர் வளையத்தை மாற்றுவது.

மார்ச் 14, சனி

இன்றைய பிழையை முதலில் எழுத முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று பத்துக்குக் காற்று நிரப்ப உட்கார்ந்தேன். ஆறு கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். ஏழாவதை விட்டுவிட்டேன். அவர் இன்று வேலை அதிகம் என்றார், காலிறுதி என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்களாம். நான் கேட்டும் கேட்காததுபோல் ஹசீனாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. சார் கேட்டதும், நான் தரையைப் பார்த்ததும், பிறகு இரண்டு முறை அவள் வீட்டுத் தெரு வரைக்கும் போய்த் திரும்பியதும். ஹசீனாவின் குரல் "ம்" என்றது. "ம், சொல்லு" என்றது. அவளிடமே சொல்வதுபோல் இருந்தது.

நடுவில், "ஒரு நிமிசம் தாயி, பக்கத்துல கூப்புடுதாக" என்றது.

அடுத்த நொடி எதிர் பிட்டிலிருந்து ஆல்வினின் மாமா குரல் வந்தது. ஒரே ஒரு சொல். "சரி."

கேள்விகள் கேட்கப்படவில்லை. ஒன்றுகூட. உடனே அவரே என் பெட்டிக்குத் திரும்பி, ஹசீனாவின் குரலில், "ம், அப்புறம்?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆல்வின் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தான். வால்வை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். "ஆல்வின்" என்று கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். நான் என் கதையின் முக்கியமான இடத்தில் இருந்தேன். குனிந்து, அப்புறம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

கப்ளர் பாதிதான் பூட்டியிருந்திருக்கிறது. காற்று ஏறியதும் ஹோஸ் கழன்று பாம்புபோல் சீறி எழுந்தது. பித்தளை முனை அவன் முகத்தில் அடித்த சத்தம் தேங்காய் உடைப்பதைப்போல இருந்தது. ஹோஸ் மேசையையும் தடுப்பையும் மாறி மாறி அறைந்தது. நான் ஓடிப்போய் அவசரப் பொத்தானை அழுத்தியதும்தான் அடங்கியது. ஆல்வின் தரையில் உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. "அக்கா, மாமாட்ட சொல்லாதீங்க" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று தெரியவில்லை.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியபின் திரும்பி வந்தேன். என் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ மூச்சு விடுவது கேட்டது. "இருக்கீங்களா?" என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஆறு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி தெய்வநாயகி மேடம் எல்லா பிட்டுக்கும் வந்தார். என் பெட்டியின் பதிவில் பதினொரு நிமிடம் இணைப்பு திறந்திருந்ததாகக் காட்டுகிறதே, ஏன் என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார். "ஏழாவது கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலிறுதியை ஞாயிறுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

நாளை: தெரியவில்லை. இந்த வரியை இப்படி விட்டது இதுவே முதல் முறை.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைய பிழை: நேற்று படிவத்தில் எழுதிய வரி. அது நேற்றைய பிழைதான். ஆனால் மதியம் வரை அதைத் திருத்தாமல் இருந்தது இன்றைய பிழை.

காலையில் விசாரணைக் குறிப்பைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். துணை ஏழு கேள்விகளையும் கேட்டு "சரி" சொல்லியிருக்கிறது, அதன்பிறகு போட்டியாளர் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார், தவறு முழுவதும் அவருடையது. இரண்டு வருடம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது. அவனுடைய கல்லூரிக்கும் அப்படியே தெரிவித்திருக்கிறார்கள். அலட்சியத்தால் வந்த காயம் என்பதால் சிகிச்சைச் செலவுக்குக் கல்லூரி பொறுப்பேற்காது. குரல்களை யாரும் சேமிப்பதில்லை. "சரி" சொன்ன நேரம் மட்டும்தான் பதிவில் இருக்கும்.

ஒன்பது மணிக்குக் கம்ப்ரசர் முன் உட்கார்ந்தேன். தண்ணீரை வடித்தேன். ஹசீனாவின் குரல் முதல் கேள்வியைக் கேட்டது. நான், "நேத்து பேசினது நீங்கதானுங்களா?" என்றேன்.

"ரெண்டாவது கேள்வி. ஹோஸ்ல வெடிப்பு ஏதும் இருக்கா?"

ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். ஏழாவதுக்கும் உடனே சொன்னேன். "சரி" என்றது. பூட்டு திறந்தது. நான் வால்வைத் தொடாமல் காத்திருந்தேன்.

"மெதுவா திறங்க" என்றது.

பைய இல்லை, தாயி இல்லை. அவர் போய்விட்டாரா, பயந்துபோய் வேறு மாதிரிப் பேசுகிறாரா என்று தெரியவில்லை. எப்படிக் கேட்டாலும் ஹசீனாவின் குரல்தான் பதில் சொல்லும். பெட்டியை அணைத்தேன். காற்று நிரப்பவில்லை. பத்து மணிக் காலிறுதிக்கு எங்கள் அணியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் அப்போது மேடத்தின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகப் பன்னிரண்டு ஆயிற்று. அவர் வேலையாக இருந்தார் என்பதால் அல்ல.

நடந்தது முழுவதையும் சொன்னேன். மேடம் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"துணை மிஷின்னுதாம்மா ஒப்பந்தத்துல இருக்கு. மிஷினுக்குக் கவனம் சிதறாது. நீ அதோட பேசி அது தப்புப் பண்ணுச்சுன்னு எழுதிக் குடுத்தா சிரிப்பாங்க."

"மிஷின் இல்லைங்க மேடம். தும்முனாங்க."

அவர் சிரிக்கவில்லை. தெரியாத விஷயத்தைக் கேட்டவர் முகம்போலவும் அது இல்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். இல்லாத ஆளுக்கு என்ன ஆகும், என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய படிவத்தை எடுத்தார்.

"எழுது. வாங்கிக்கறேன். ஆனா ஒத்தை ஆள் குடுக்கற வாக்குமூலம் செல்லாது. அணியில ரெண்டாவது ஆள் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். துணை வர்றதுக்கு முன்னாடி வந்த விதி. எடுக்க மறந்துட்டாங்க. நாலு மணிக்குள்ள குடு."

அணிப் பட்டியலில் என் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு பெயர் இருந்தது. "குரல்: ஹசீனா."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த எண்ணை அழுத்தினேன். அவள் எடுத்ததும் எனக்குத் திகைப்பாக இருந்தது. குரல் வேறாக இருந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் வேகம். பெட்டியில் இருப்பது டிசம்பர் மாதக் குரல். வர முடியுமா என்று மட்டும் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. உக்கடத்திலிருந்து பஸ் பிடித்து மூன்று மணிக்கு வந்தாள்.

பார்வையாளர் வாசலில் நின்றபடி நான்கு பக்கத்தையும் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் அவளைப் பற்றி நான் சொன்னதெல்லாம் இருந்தது. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"பதினோரு நிமிசம் எங்குரல்கிட்ட உக்காந்து பேசியிருக்க."

"ஆமா."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல புள்ள."

பேனாவை வாங்கி, தாளைத் தன் கைப்பையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கடைசிப் பக்கத்தில், ஒரே ஆள் பன்னிரண்டு பிட்டைப் பார்க்க முடியாது என்றும், அன்று அவர் கேள்விகளைக் கேட்காமல் விட்டதற்குக் காரணம் நான் என்றும் எழுதியிருந்த இடத்தின் கீழே கோடு போட்டாள். மேடத்திடம் இருவரும் சேர்ந்து போய்க் கொடுத்தோம். மேடம் எங்கள் முன்னால் நேரம் குறித்து முத்திரை வைத்தார். என்ன நடக்கும் என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஹசீனா பிட் முப்பத்திரண்டில் நின்றாள். ரோபோவின் கையை முழங்கையிடத்தில் மடக்கி நீட்டிப் பார்த்தாள், அவள் வடிவமைத்த இடம். பிறகு பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். "கண்ணாடி போட்டாச்சா?" என்றது அவள் குரல்.

"நான் இப்படியா பேசறேன்?" என்று கேட்டுவிட்டு அணைத்தாள்.

ஆல்வினிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். இல்லை, நாளைக் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அவன் கண் கட்டைப் பிரிக்கிறார்கள், பார்வை இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும், தெரிந்த பிறகு போகலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

"பிரிக்கறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லு. கண்ணு நல்லாயிருந்துச்சுன்னா அப்பறம் நீ சொல்ல மாட்ட."

டீ குடிக்கலாமா என்று கேட்டேன். பஸ் வந்துவிடும் என்றாள். வாசல்வரை கூடப் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

பிட்டைக் காலி செய்தேன். டாங்கிலிருந்த காற்றை வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்து, ஹோஸைச் சுருட்டிக் கட்டினேன். பெட்டியைக் கழற்றி அலுவலகத்தில் ஒப்படைத்தேன். ஒப்படைக்கும் முன் ஒருமுறை பொத்தானை அழுத்தி, "தண்ணி வடிச்சிட்டேங்க" என்றேன். மறுபக்கம் யார் இருந்தார்களோ தெரியாது.

நாளை: கம்பெனிக்கு அரை நாள் விடுப்பு சொல்வது. காலை எட்டு மணி, கண் மருத்துவமனை, மூன்றாவது மாடி. கட்டைப் பிரிக்கும் முன், அந்த "சரி" எனக்குக் கேட்டது என்று ஆல்வினிடம் சொல்வது.